பின்வரிசையிலிருந்து எழுந்த கோரிக்கை: மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு (1955–56), ஒரு நிகழ்வு ஆய்வு

1955 டிசம்பர் 5, திங்கட்கிழமை இரவு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மான்ட்கோமரியில் ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் தேவாலயம் நிரம்பி வழிந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் ஆயிரக்கணக்கில் வீதியில் நின்று ஒலிபெருக்கி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நகரப் பேருந்துகளில் இனி ஏறுவதில்லை என்ற தீர்மானத்தை ரால்ப் அபர்நதி என்ற இளம் போதகர் வாசித்தார். ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றதும் கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. அப்படி எழுந்து நின்ற மக்களின் சார்பில் மூன்று நாள் கழித்துத் தலைவர்கள் நகர ஆணையர்களின் முன் வைத்த கோரிக்கைகளை இன்று படிப்பவருக்கு வியப்பு ஏற்படும். கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் பிரித்து உட்காரவைக்கும் முறையை ஒழிக்க வேண்டும் என்று அவற்றில் ஒரு வரியும் இல்லை.

கேட்டவை மூன்றுதான். ஓட்டுநர்கள் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும். கறுப்பினத்தவர் பின்னாலிருந்து முன்னோக்கியும் வெள்ளையர் முன்னாலிருந்து பின்னோக்கியும், வந்த வரிசைப்படி உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது என்பதும் இதில் அடக்கம். கறுப்பினத்தவர் மிகுதியாகப் பயணிக்கும் வழித்தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களை நியமிக்க வேண்டும். ஒடுக்குமுறையின் கட்டடத்துக்குள் கொஞ்சம் காற்றோட்டம் கேட்டது போன்ற இந்தக் கோரிக்கையோடு தொடங்கிய போராட்டம், 381 நாள் கழித்து அந்தக் கட்டடத்தின் ஒரு சுவரையே இடித்துவிட்டு முடிந்தது. இடையில் நடந்தது என்ன, பாதியைக் கேட்ட தலைவர்கள் முழுமையைக் கேட்கும் இடத்துக்கு எப்படி வந்தார்கள், அவர்களை அங்கே கொண்டு சேர்த்தவர்கள் யார் என்பதே இந்த ஆய்வின் பொருள். இந்த வரலாற்றைச் சொல்லும்போது மார்ட்டின் லூதர் கிங் என்ற தனி மனிதரின் பேச்சாற்றலையும் ரோசா பார்க்ஸ் என்ற தனிப் பெண்ணின் களைப்பையும் மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் பல பெண்களுக்கும் ஆயிரக்கணக்கான சமையல்காரர்களுக்கும் சலவைத் தொழிலாளர்களுக்கும் இழைக்கப்பட்ட அநீதி என்பது என் உறுதியான எண்ணம்.

பேருந்துக்குள் இருந்த எல்லைக்கோடு

அந்நகரின் பேருந்தில் 36 இருக்கைகள். முன்பக்கத்துப் பத்து வெள்ளையருக்கு. வெள்ளைப் பயணி ஒருவர்கூட ஏறாத வண்டியிலும் அந்தப் பத்தும் காலியாகவே கிடக்க வேண்டும். அவற்றின் பக்கத்தில் கறுப்பினத்தவர் நின்றுகொண்டு பயணிக்க வேண்டும். பின்பக்கத்துப் பத்து கறுப்பினத்தவருக்கு. நடுவில் இருந்த 16 இருக்கைகள்தான் சிக்கலின் மையம். அங்கே எல்லை எது என்பதை அந்தந்த நேரத்தில் ஓட்டுநர் தீர்மானிப்பார். முன்பகுதி நிரம்பி, மேலும் ஒரு வெள்ளையர் ஏறினால், நடுப்பகுதியில் ஒரு வரிசை முழுவதும் எழுந்து பின்னால் போக வேண்டும். அதே வரிசையில் வெள்ளையரோடு கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது என்பதால், ஒருவருக்காக நான்கு பேர் எழுவார்கள். வண்டிக்குள் இருக்கை ஒதுக்கும் விஷயத்தில் காவலருக்குரிய அதிகாரத்தை நகரச் சட்டம் ஓட்டுநருக்கு அளித்திருந்தது. முன்வாசலில் ஏறிக் கட்டணம் செலுத்திய கறுப்பினப் பயணியை இறங்கிப் பின்வாசல் வழியாக ஏறச் சொல்வதும், அவர் பின்வாசலை அடைவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவதும் அன்றாடம் நடந்தன.

பயணிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர். வருமானத்தின் பெரும்பகுதியைத் தருபவர்களே அவமானத்தையும் சுமந்தார்கள். இந்தக் கணக்கை முதலில் ஓர் ஆயுதமாகக் கண்டவர்கள் நகரத்தின் கறுப்பின மகளிர். அலபாமா மாநிலக் கல்லூரியின் ஆங்கிலத் துறைத் தலைவர் மேரி ஃபேர் பர்க்ஸ் 1946இல் தொடங்கிய மகளிர் அரசியல் மன்றம், பேருந்துகளில் நடக்கும் அவமதிப்புகளைத் தொடர்ந்து நகர நிர்வாகத்திடம் எடுத்துச் சென்றுகொண்டிருந்தது. 1950இல் மன்றத்தின் தலைவரான ஜோ ஆன் ராபின்சனும் அதே கல்லூரியின் ஆங்கில ஆசிரியர்தான். அதற்கு முந்தைய ஆண்டு, ஏறக்குறைய ஆளில்லாத ஒரு பேருந்தின் முன்பகுதியில் தெரியாமல் உட்கார்ந்துவிட்ட அவரை ஓட்டுநர் அடிக்க வருபவரைப் போலக் கத்தி இறக்கிவிட்டிருந்தார். அந்த நாளை அவர் மறக்கவில்லை.

பள்ளிகளில் இன ஒதுக்கல் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954 மே 17 அன்று. நான்கு நாள் கழித்து, மே 21 அன்று, ராபின்சன் மேயர் டபிள்யூ. ஏ. கெயிலுக்கு ஒரு கடிதம் எழுதினார். பின்னாலிருந்து முன்னோக்கி உட்காரும் முறை, முன்வாசலில் பணம் கட்டிவிட்டுப் பின்வாசலுக்கு ஓடும் கொடுமைக்கு முடிவு, கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளிலும் ஒவ்வொரு தெருமுனையிலும் நிறுத்தம் ஆகியவற்றை அவர் கேட்டிருந்தார். கறுப்பினப் பயணிகள் இல்லாமல் பேருந்துகள் ஓட முடியாது என்பதையும், இருபத்தைந்துக்கும் மேற்பட்ட உள்ளூர் அமைப்புகள் நகரளாவிய புறக்கணிப்பைப் பற்றிப் பேசிவருகின்றன என்பதையும் மிகுந்த பணிவோடு அதில் சேர்த்திருந்தார். பேருந்து இருக்கையைவிட்டு எழ மறுத்து ரோசா பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே புறக்கணிப்பு என்ற சொல் மேயரின் மேசைக்குப் போய்விட்டது. தலைவர்களின் முதல் கோரிக்கை அவ்வளவு அடக்கமாக இருந்ததற்கும் இந்தக் கடிதம் காரணம் சொல்கிறது. சட்டத்தை மீறாமல், உள்ளதற்குள் திருத்தம் கேட்டால் நகரம் இசைந்துவிடும் என்ற நம்பிக்கை அப்போது உண்மையாகவே இருந்தது.

யாருக்காக எழுவது

1955 மார்ச் 2 அன்று, 15 வயது மாணவி கிளாடெட் கால்வின் எழ மறுத்துக் கைதானார். நகரத்தின் கறுப்பினத் தலைவர்கள் கூடிப் பேசினார்கள், அதிகாரிகளைச் சந்தித்தார்கள், நிதி திரட்டினார்கள். ஆனால் அந்தச் சிறுமியை முன்னிறுத்திப் போராடுவதில்லை என்று கடைசியில் முடிவெடுத்தார்கள். வயது குறைவு, ஏழைக் குடும்பம், உணர்ச்சிவசப்படும் இயல்பு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அதன் பிறகு அவர் கருவுற்றதும் காரணங்களோடு சேர்ந்துகொண்டது. மேல்முறையீட்டில் அவர்மீதான இன ஒதுக்கல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டு, காவலரைத் தாக்கியதாகச் சொல்லப்பட்ட குற்றம் மட்டும் நிலைத்ததால், சட்டத்தை எதிர்க்கும் வழியும் அந்த வழக்கில் அடைபட்டது. அக்டோபர் 21 அன்று கைதான 18 வயது மேரி லூயிஸ் ஸ்மித்துக்காகவும் யாரும் எழவில்லை.

இந்த முடிவின் நியாயத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. எதிர்த்தரப்புப் பத்திரிகைகளும் வழக்கறிஞர்களும் ஒரு பெண்ணின் வாழ்க்கையை எப்படிக் கிழித்துப் போடுவார்கள் என்பதைத் தெற்கு மாநிலங்களில் வாழ்ந்த எவரும் அறிவர். ஆயினும் குறையில்லாத ஒருவர் கிடைக்கும் வரை காத்திருப்பது என்றால், அதுவரை அவமானப்பட்டவர்களிடம் உங்கள் வலி போதுமான தகுதி உடையதன்று என்று சொல்வதாகவே ஆகிவிடுகிறது.

டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை ரோசா பார்க்ஸ் கைதானார். அவர் பல்பொருள் அங்காடி ஒன்றில் தையல் வேலை பார்த்தவர். கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைச் செயலாளர். வேலைக் களைப்பில் எழ மறுத்தார் என்ற கதையை அவரே பிற்காலத்தில் மறுத்திருக்கிறார். அவர் பல ஆண்டுகளாகச் சங்கப் பணியில் இருந்தவர். நடந்தது என்ன, நடக்கப்போவது என்ன என்பதை நன்றாக அறிந்தவர். அவரைப் பிணையில் எடுக்கச் சென்றவர்களுள் ஈ. டி. நிக்சனும் ஒருவர். புல்மன் ரயில் பெட்டிகளில் பணியாளராக உழைத்து, தொழிற்சங்கத்தில் வளர்ந்த அவருக்கு அந்நகரில் தெரியாத காவல் நிலையம் இல்லை.

அந்த இரவில் முதலில் செயல்பட்டது தேவாலயங்கள் அல்ல. இளம் வழக்கறிஞர் ஃபிரெட் கிரே சொல்லிக் கைதுச் செய்தியை அறிந்த ராபின்சன், நள்ளிரவில் கல்லூரிக்குப் போனார். வணிகத் துறைத் தலைவர் ஜான் கேனனும் இரண்டு மாணவர்களும் கூட இருந்தார்கள். ஒரே தாளில் மூன்று முறை அதே வாசகத்தைத் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் உருட்டி, மூன்றாக வெட்டி, விடியும்முன் பல்லாயிரம் துண்டறிக்கைகளைக் கட்டுக்கட்டாக அடுக்கினார்கள். திங்கட்கிழமை வேலைக்கோ கடைக்கோ பள்ளிக்கோ போவதற்குப் பேருந்தில் ஏற வேண்டாம் என்பதுதான் வாசகம். மாநில அரசின் பணத்தில் நடக்கும் கல்லூரியின் தாளும் மையும் அதற்குச் செலவாயின; தெரிந்தால் வேலை போகும். காலை எட்டு மணி வகுப்பை முடித்துவிட்டு ராபின்சன் அந்த மாணவர்களோடு காரில் ஏறி, பள்ளிகளிலும் அழகு நிலையங்களிலும் கடைகளிலும் காத்திருந்த மன்றத்துப் பெண்களிடம் கட்டுகளைக் கொடுத்துக்கொண்டே போனார். வெள்ளிக்கிழமை மாலை தலைவர்கள் கூடியபோது, அவர்கள் விவாதிக்க வேண்டிய முடிவு ஏற்கெனவே வீட்டு வாசல்களை அடைந்திருந்தது.

இரண்டு கூட்டங்கள்

வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டம் டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் தேவாலயத்தின் அடித்தளத்தில் நடந்தது. தலைமை வகித்த போதகர் நீண்ட நேரம் தானே பேசிக்கொண்டிருந்ததால் பொறுமையிழந்து சிலர் எழுந்து போனார்கள். எஞ்சியவர்கள் திங்கட்கிழமைப் புறக்கணிப்பை ஆதரிப்பது என்றும், அன்றிரவு பொதுக்கூட்டம் கூட்டி மேற்கொண்டு முடிவெடுப்பது என்றும் தீர்மானித்தார்கள். அந்தத் தேவாலயத்தின் போதகர் மார்ட்டின் லூதர் கிங்குக்கு வயது 26. நகரத்துக்கு வந்து ஓராண்டு சொச்சம். முதல் குழந்தை பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. காலையில் நிக்சன் தொலைபேசியில் ஆதரவு கேட்டபோது, யோசித்துச் சொல்வதாகத்தான் அவர் பதில் சொன்னார். பிற்காலத்துச் சிலைகள் இந்தத் தயக்கத்தைக் காட்டுவதில்லை. எனக்கு அது அவரை இன்னும் நெருக்கமாக்குகிறது.

திங்கட்கிழமை காலை பேருந்துகள் ஏறக்குறையக் காலியாக ஓடின. பயணிகளை யாரும் மிரட்டாமல் பாதுகாப்பதாகச் சொல்லிக் காவல் துறை பேருந்துகளுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் காவலர்களை அனுப்பியது. ஏறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த கொஞ்சம் பேரும் அதைப் பார்த்து விலகினார்கள். நீதிமன்றத்தில் பார்க்ஸுக்கு 10 டாலர் அபராதமும் 4 டாலர் வழக்குச் செலவும் விதிக்கப்பட்டன.

பிற்பகலில் மவுண்ட் சயான் தேவாலயத்தில் தலைவர்கள் மீண்டும் கூடினார்கள். இந்த ஆய்வுக்கு அந்தக் கூட்டம்தான் திறவுகோல். மான்ட்கோமரி முன்னேற்றச் சங்கம் என்ற புதிய அமைப்பு அங்கே உருவானது. அதே அறையில் சில போதகர்கள், பத்திரிகையாளர்கள் இருக்கும் பொதுக்கூட்டத்தில் பெயர்கள் வெளிவராமல், திட்டத்தை மறைவாக மக்களிடம் சேர்த்துவிடலாம் என்று யோசனை சொன்னார்கள். நிக்சன் வெடித்தார். இத்தனை காலம் உங்களுக்குச் சோறு போட்டவர்கள் வெள்ளையர் வீட்டுத் துணியைத் துவைத்த பெண்கள். அவர்கள் நடக்கத் தயாராக இருக்கும்போது நீங்கள் ஒளியப் பார்க்கிறீர்களா என்ற பொருளில், அறை அதிரக் கேட்டார். தான் கோழை அல்லன் என்று கிங் அங்கே பதில் சொன்னார். சிறிது நேரத்தில் அவர் பெயர் தலைவர் பதவிக்கு முன்மொழியப்பட்டது, எதிர்ப்பில்லை. புதியவர் என்பதால் நகரத்தின் எந்தக் கோஷ்டியிலும் அவர் சிக்கியிருக்கவில்லை. நகர நிர்வாகத்துக்குக் கடன்பட்டும் இருக்கவில்லை. தோற்றால் வேறு ஊருக்குப் போய்விடக் கூடியவர் என்ற கணக்கும் சிலர் மனத்தில் இருந்திருக்கலாம்.

இரவுக்குள் நிலைமை மாறிவிட்டது. ஒரு நாளோடு நிறுத்திக்கொள்வதா, தொடர்வதா என்பதைக் கூட்டத்தின் அளவைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று வந்த தலைவர்கள், தேவாலயத்தை நெருங்க முடியாமல் காரை விட்டு இறங்கி மக்களைப் பிளந்துகொண்டு நடக்க வேண்டியிருந்தது.

மறுக்கப்பட்ட பாதி

டிசம்பர் 8 அன்று நகர ஆணையர்களோடும் பேருந்து நிறுவனத்தோடும் நடந்த பேச்சு பயனற்றுப் போனது. மான்ட்கோமரிப் பேருந்துகளை நடத்திய அதே தாய் நிறுவனம், அதே மாநிலத்தில் உள்ள மோபில் நகரில், இவர்கள் கேட்ட அதே முறையில்தான் பேருந்துகளை இயக்கிக்கொண்டிருந்தது. அதனால் இது சட்டத்துக்கு உட்பட்டதே என்று ஃபிரெட் கிரே வாதாடினார். நிறுவனத்தின் வழக்கறிஞர் ஜாக் கிரென்ஷா அது சட்டத்துக்குப் புறம்பு என்றே சாதித்தார். இதைக் கொடுத்தால் கறுப்பினத்தவர் வெற்றி பெற்றதாகப் பெருமை பேசுவார்கள் என்ற அச்சமும் மேசையின் அந்தப் பக்கம் வெளிப்பட்டது. இருக்கை ஏற்பாட்டைப் பற்றிய பேச்சாகக் கறுப்பினத் தலைவர்கள் நினைத்து வந்தது, நகரத்தில் யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது என்ற கேள்வியாகவே மறுபக்கம் பார்க்கப்பட்டது. கேட்டது எவ்வளவு சிறியது என்பது அங்கே கணக்கிலேயே வரவில்லை.

இந்தச் சிறிய கோரிக்கை மறுபுறமும் சிக்கலை உண்டாக்கியது. இன ஒதுக்கலை முற்றாக எதிர்ப்பதைக் கொள்கையாகக் கொண்ட தேசியச் சங்கம், ஒதுக்கலை வைத்துக்கொண்டே மரியாதை மட்டும் கேட்கும் போராட்டத்தைத் தொடக்கத்தில் முழுமனத்தோடு ஆதரிக்கவில்லை. எதிரிகளுக்கு அதிகமாகவும் நண்பர்களுக்குக் குறைவாகவும் தெரிந்த அந்தக் கோரிக்கையைத் தூக்கிக்கொண்டு தலைவர்கள் நின்றபோது, மக்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

நடப்பதற்கும் ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. முதல் நாட்களில் கறுப்பின டாக்சி ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள்; குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியை நகரம் தூசிதட்டி எடுத்து அதைத் தடுத்தது. 1953 ஜூனில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் ஏறத்தாழ ஒரு வாரம் பேருந்துப் புறக்கணிப்பு நடத்திய போதகர் டி. ஜே. ஜெமிசனைக் கிங் தொலைபேசியில் அழைத்து, கார்களைச் சேர்த்து ஓட்டும் முறையைக் கேட்டறிந்தார். டிசம்பர் நடுவில் ஏறத்தாழ 300 கார்கள் ஓடத் தொடங்கின. நகரமெங்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட ஏறுமிடங்கள், காலைக்கு ஒரு பட்டியல், மாலைக்கு ஒரு பட்டியல். நகர மையத்தில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான வாகன நிறுத்துமிடமே மாறிச்செல்லும் நிலையம். தேவாலயங்களின் பெயரில் வாங்கிய பெரிய வண்டிகளை மக்கள் உருளும் தேவாலயங்கள் என்று அழைத்தார்கள். வேலைக்காரப் பெண் வராவிட்டால் வீடு நடக்காது என்பதால், மேயர் கண்டித்தும்கூட, வெள்ளை எசமானிகள் சிலர் தாங்களே காரெடுத்துக்கொண்டு போய் ஏற்றிவந்தார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் வண்டிகளின் காப்பீட்டை ரத்து செய்தபோது, லண்டனின் லாயிட்ஸ் வரை போய்ப் புதுக் காப்பீடு பெற வேண்டியிருந்தது.

இதற்கான பணத்தில் ஒரு பங்கு அடுப்படிகளிலிருந்து வந்தது. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு, வறுத்த கோழி, சாண்ட்விச், கேக் என்று செய்து அழகு நிலையங்களிலும் கடை வாசல்களிலும் விற்றார். வாங்கியவர்களுள் வெள்ளையரும் உண்டு. யார் கொடுத்த பணம் என்று எவரும் கேட்டால் எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லலாம் என்பதற்காக, தங்கள் குழுவுக்கு எங்குமில்லாதவர்கள் சங்கம் என்ற பொருளில் பெயர் வைத்தார். பொதுக்கூட்டத்தில் அவர் எழுந்து தொகையை அறிவிக்கும்போது கூட்டம் ஆர்ப்பரிக்கும். நீதிமன்றத்தில் கிங்குக்காகச் சாட்சி சொன்ன பிறகு அவர் வேலை பறிபோனது. தன் வீட்டுச் சமையலறையையே உணவகமாக்கிக்கொண்டார்.

ஜனவரி

1956 ஜனவரி 21, சனிக்கிழமை இரவு. மூன்று கறுப்பினப் போதகர்களோடு பேசிப் புறக்கணிப்பை முடித்துவிட்டதாக நகரம் அறிவித்துவிட்டது. மறுநாள் ஞாயிறு நாளிதழில் செய்தி வரப்போகிறது. முன்னால் பத்து இருக்கை வெள்ளையருக்கு, பின்னால் பத்து கறுப்பினத்தவருக்கு, நடுவில் வந்தவர் உட்காரலாம் என்பது அந்த ஒப்பந்தம். அந்த மூவரும் முன்னேற்றச் சங்கத்தைச் சேர்ந்தவர்களே அல்லர். வேறு விஷயம் பேச அழைக்கப்பட்டதாக எண்ணிப் போனதாகப் பிறகு சொன்னார்கள். மினியாபொலிஸ் பத்திரிகையாளர் கார்ல் ரோவன் அச்சுக்கு முன்பே இதைக் கண்டு கிங்கைத் தொலைபேசியில் கேட்டார். காலை ஆராதனைகளில் மறுப்பு அறிவிக்கலாம். ஆனால் தேவாலயத்துக்கு வராதவர்கள் என்ன ஆவார்கள்? கிங்கும் அவரது சகாக்களும் அந்த இரவிலேயே மதுக்கடைகளுக்கும் இரவு விடுதிகளுக்கும் போய், மேசை மேசையாக, செய்தி பொய் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். தலைவர்கள் தங்கள் வழக்கமான மேடைகளைவிட்டு வெளியே வந்து மக்களைத் தேடிய அந்த இரவுதான் சங்கத்தைக் காப்பாற்றியது என்று நான் கருதுகிறேன். திங்கட்கிழமையும் பேருந்துகள் காலியாகவே ஓடின.

சூழ்ச்சி தோற்றதும் நகரம் கடுமையைக் கையிலெடுத்தது. இன ஒதுக்கலைக் காக்க அமைந்த வெள்ளைக் குடிமக்கள் மன்றத்தில் மேயரும் சேர்ந்தார். கார்களில் ஆள் ஏற்றுபவர்களுக்கு அபராதச் சீட்டுகள் குவிந்தன. 25 மைல் வேகப் பகுதியில் 30 மைல் வேகத்தில் ஓட்டியதாக ஜனவரி 26 அன்று கிங் கைதானார்.

ஜனவரி 30 அன்று சங்கத்தின் செயற்குழு கூடியது. ஃபிஸ்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஆய்வாளர் ஒருவர் அதில் நடந்த பேச்சைக் குறிப்பெடுத்திருக்கிறார். சமரசத்துக்கு இறங்கிவிடலாம் என்ற களைப்பு சிலரிடம் தெரிகிறது. கிங் சொன்ன பதிலின் பொருள் இது: இன்றிரவு போய் மக்களைப் பேருந்தில் ஏறச் சொன்னால் நம்மை ஒதுக்கிவிடுவார்கள்; அவர்கள் ஏறவும் மாட்டார்கள். எட்டு வாரத்துக்கு முன் மக்கள் தொடர்வார்களா என்று ஐயப்பட்ட தலைமை, இப்போது மக்கள் அனுமதிக்க மாட்டார்கள் என்பதைத் தன் முடிவுக்குக் காரணமாகச் சொல்கிறது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, பேருந்துகளில் இன ஒதுக்கலையே ஒழிக்கக் கேட்பது என்று அந்தக் கூட்டம் முடிவெடுத்தது. பாதிக் கோரிக்கை அங்கே முடிந்தது.

அன்றிரவே கிங்கின் வீட்டு முகப்பில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தையும் காயமின்றித் தப்பினார்கள். ஆயுதங்களோடு திரண்ட கூட்டத்தை முகப்பில் நின்றபடி அவர் வீட்டுக்கு அனுப்பிவைத்த காட்சி உலகம் அறிந்தது. அடுத்த இரு நாளில் நிக்சன் வீட்டிலும் குண்டு வீசப்பட்டது.

வழக்கும் வாதிகளும்

பார்க்ஸின் மேல்முறையீட்டை மாநில நீதிமன்றங்கள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்க முடியும் என்பதால், குற்றவியல் வழக்கோடு தொடர்பில்லாத புதிய உரிமையியல் வழக்கை 25 வயது ஃபிரெட் கிரே பிப்ரவரி 1 அன்று தாக்கல் செய்தார். வாதிகள் ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்டு, மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கால்வின், இன்னொரு பெண். மிரட்டலுக்கு ஆளான அந்த ஐந்தாமவர் மறுநாளே விலகினார். செயற்குழுவில் இருந்த போதகர்களுள் ஒருவர் பெயரும் வாதிகளின் பட்டியலில் இல்லை. முன்னிறுத்தத் தகுதியில்லை என்று முந்தைய ஆண்டில் விடப்பட்ட இருவர், எல்லாவற்றையும் பணயம் வைக்க வேண்டிய இடத்தில் பெயர் கொடுத்தார்கள்.

இடையில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1921ஆம் ஆண்டின் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தின்கீழ் பிப்ரவரியில் 89 பேர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. காவலர் தேடிவரும் முன்பே நிக்சன் தானாகப் போய்ச் சரணடைந்தார்; மற்றவர்களும் விழாவுக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு வரிசையாகப் போனார்கள். மார்ச்சில் கிங்குக்கு 500 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஜூனில் சங்கத்தின் பதிவுச் செயலாளரே நிதி முறைகேடு என்று பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டி, பிறகு அதைத் திரும்பப் பெற்றார்.

மே 11 அன்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் கால்வின் சாட்சிக் கூண்டில் நின்றார். கிங் தூண்டிவிட்டுத்தான் மக்கள் பேருந்தைவிட்டு விலகினார்கள் என்று நிறுவ முயன்ற நகரத்து வழக்கறிஞர், உங்களுக்குத் தலைவர் யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எங்களுக்குத் தலைவர்கள் நாங்களேதான் என்றார் அந்த 16 வயதுப் பெண். ஜூன் 5 அன்று மூன்று நீதிபதிகளில் இருவர், ரிச்சர்ட் ரைவ்ஸும் ஃபிராங்க் ஜான்சனும், பேருந்துகளில் இன ஒதுக்கல் அரசமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார்கள். நவம்பர் 13 அன்று, கார்களைச் சேர்த்து ஓட்டும் முறைக்குத் தடை கேட்டு நகரம் தொடுத்த வழக்கில் கிங் உள்ளூர் நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தபோது, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்துவிட்ட செய்தியை ஒரு நிருபர் தாளில் எழுதிக் கொடுத்தார். உள்ளூர் நீதிபதி அன்றே கார்களுக்குத் தடை விதித்தார். டெல்லியின் ஆணை நம் ஊருக்கு வந்துசேரும் வேகத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது: வாஷிங்டன் ஆணை மான்ட்கோமரியை அடைய டிசம்பர் 20 ஆனது. அந்த ஐந்து வாரமும், கார்களும் இல்லாமல், மக்கள் நடந்தார்கள்.

அடுத்தது என்ன என்ற கேள்வி

அந்த இடைவேளையில் தேவாலயங்களில் நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நாற்காலிகளைப் பேருந்து இருக்கைகளைப் போல வரிசையாகப் போட்டார்கள். ஒருவர் ஓட்டுநர், சிலர் வெள்ளைப் பயணிகள், சிலர் கறுப்பினப் பயணிகள். வெள்ளையராக நடிப்பவர் திட்டுவார், தள்ளுவார். மற்றவர் பதிலுக்குத் திட்டாமல், கை ஓங்காமல், எழாமல் இருந்து பழக வேண்டும். சில சமயம் நடிப்பவர்களுக்குக் கோபம் தலைக்கேறி ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது. அச்சிட்டுக் கொடுத்த அறிவுரைத் தாளில், இது நமது வெற்றி என்று பீற்றிக்கொள்ளாதீர்கள் என்ற எச்சரிக்கையும், திட்டினால் திருப்பித் திட்டாதீர்கள் என்ற அறிவுரையும் இருந்தன. வெள்ளையரின் பக்கத்திலிருந்து இதற்கு இணையான ஆயத்தம் எதுவும் நடக்கவில்லை. வென்றவர்களே தோற்றவர்களின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் ஏற்றார்கள்.

டிசம்பர் 3 முதல் ஒரு வாரம், அகிம்சையையும் சமூக மாற்றத்தையும் பற்றிய கருத்தரங்கு ஒன்றைச் சங்கம் நடத்தியது. தொடக்க உரையில் கிங் பேருந்தைத் தாண்டிப் பேசினார். பழைய உலகம் சாகிறது, புதியது பிறக்கிறது, அதற்கு நாம் தயாரா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. வாக்குரிமை, கல்வி, தலைமைப் பண்பு என்று அவர் சிந்தனை விரிந்தது. டிசம்பர் 21 காலை அவர் தம் வீட்டருகே முதல் பேருந்தில் ஏறி முன்வரிசையில் அமர்ந்தார். ஒரு வாரத்துக்குள் பேருந்துகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. கருவுற்ற பெண் ஒருவருக்கு இரு கால்களிலும் குண்டு பாய்ந்தது. 1957 ஜனவரி 10 அன்று, தெற்கு மாநிலங்களின் தலைவர்கள் சுமார் 60 பேர் அட்லாண்டாவில் கூடி அடுத்த கட்டத்தைப் பேசவிருந்த நாளின் விடியற்காலையில், மான்ட்கோமரியில் நான்கு தேவாலயங்களும் அபர்நதியின் வீடும் வெள்ளைப் போதகர் ராபர்ட் கிரேட்ஸின் வீடும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. கிங்கும் அபர்நதியும் ஊர் திரும்ப, கொரெட்டா கிங்கும் பர்மிங்காம் நகரப் போதகர் ஃபிரெட் ஷட்டில்ஸ்வர்த்தும் அட்லாண்டாக் கூட்டத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள். தெற்குக் கிறித்தவத் தலைமை மாநாடு என்ற அமைப்பு அங்கிருந்துதான் வளர்ந்தது.

தீர்ப்பு இருக்கைகளைப் பற்றியது மட்டுமே. கறுப்பின ஓட்டுநர்களை நியமிக்க வேண்டும் என்ற மூன்றாவது கோரிக்கை அதில் சேரவில்லை. பேருந்தில் எங்கும் உட்காரும் உரிமை பெற்றவர்கள் அதன் ஓட்டுநர் இருக்கைக்கு மேலும் காத்திருந்தார்கள். பார்க்ஸ் வேலையிழந்து, மிரட்டல்களுக்கிடையே 1957இல் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். ராபின்சன் 1960இல் கல்லூரி வேலையைவிட்டு நீங்கினார். நிக்சன் 1957இல் சங்கத்தின் பொருளாளர் பதவியிலிருந்து விலகி எழுதிய கடிதத்தில், பெயருக்கு மட்டுமே பொருளாளராக இருந்ததாகவும், பல்லாண்டு உழைத்த தன்னைப் புதியவனைப் போலவும் குழந்தையைப் போலவும் நடத்துவதாகவும் மனம் நொந்திருந்தார்.

கிளாடெட் கால்வின் நியூயார்க் சென்று, முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியர் உதவியாளராகப் பல்லாண்டு உழைத்தார். அவர் வாதியாக இருந்த வழக்கு மான்ட்கோமரியின் சட்டத்தை ஒழித்தது; ஆனால் 15 வயதில் அவர்மேல் விழுந்த தண்டனைப் பதிவு அப்படியே இருந்தது. அதை அழிக்கக் கோரி 2021இல், தமது 82ஆம் வயதில், அவர் மான்ட்கோமரி சிறார் நீதிமன்றத்துக்கு மனு கொடுத்தார். நீதிபதி அதை ஏற்று, பதிவை அழிக்க உத்தரவிட்டார்.